முட்டைக்கூட்டிலிருந்து குட்டிப்புழு வரை: சேலத்தில் மண்புழுவின் இனப்பெருக்கத்தைக் கவனிக்கும் முறை

பதினோராம் வகுப்பு விலங்கியலில் மண்புழுவைப் படித்தவர்கள் அதன் படத்தை வரைந்து, உடல் வளையங்களான கண்டங்களை எண்ணி, உறுப்புகளுக்குப் பெயர் குறித்து மதிப்பெண்ணும் வாங்கியிருப்பார்கள். ஆனால் அந்தப் புழு இட்ட முட்டைக்கூட்டைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் மிகச் சிலரே. புழுவைக் கீறித் திறந்தால் சுருங்கிப்போன விந்தகமும் அண்டகமும்தான் தெரியும், அதுவும் நல்ல நுண்ணோக்கி இருந்தால்தான். கூட்டை ஒளிக்கு எதிரே பிடித்தாலோ உள்ளே வளரும் உயிரின் இரத்தக்குழாய் துடிப்பதைக்கூட ஒரு கைலென்ஸின் உதவியோடு காணலாம். வளைதசைப் புழுக்களின் இனப்பெருக்கத்தைப் புரிந்துகொள்ள விரும்பும் ஆசிரியரும் மாணவரும் வீட்டில் ஆர்வமுள்ளவரும், கத்தியை விட்டுவிட்டுக் கூட்டிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. சேலம் நகரிலும் சேர்வராயன் மலையிலும் கிடைக்கும் புழுக்களையும் பொருள்களையும் கொண்டு அதைச் செய்யும் முறை கீழே விளக்கப்படுகிறது.

எந்தப் புழு, எங்கே, எப்போது

முதலில் புழுவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சமவெளியில், அதாவது ஓமலூர், வாழப்பாடி, ஆத்தூர்ப் பக்கத்துத் தோட்டங்களில், வாழை அடியிலும் வாய்க்கால் ஓரத்திலும் தேட வேண்டியது லாம்பிட்டோ மாரிட்டி என்னும் இனம். பாடநூலில் மாதிரியாக எடுத்துக்கொள்ளப்படுவதும் இதுவே. வெளிர்பழுப்பு உடலும் முன்பகுதியில் ஊதா சாயலும் கொண்ட இப்புழு 80 முதல் 210 மில்லிமீட்டர் வரை நீளமுடையது. மண்ணில் செங்குத்தாக வளை தோண்டி வாழ்ந்து, மேற்பரப்பில் எச்சக் குவியல்களை விட்டுச் செல்லும். ஈரமான விடியற்காலையில் புதிதாகத் தெரியும் அந்தக் குருணை மண் குவியலே இதற்கு நல்ல அடையாளம்.

எருக்குழியிலும் சாணக் குவியலிலும் நெளியும், நீலப் பளபளப்புடைய மெல்லிய புழு பெரும்பாலும் பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ். மண்புழு உரம் தயாரிப்பவர்களிடம் விலைக்குக் கிடைக்கும் பருமனான கருஞ்சிவப்புப் புழு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த யூட்ரிலஸ் யூஜினியே. புதிதாகத் தொடங்குபவர் இதனுடன் தொடங்குவது நல்லது. மேற்பரப்பிலேயே வாழ்வதாலும் விரைவாகக் கூடு இடுவதாலும் பார்ப்பதற்குக் காத்திருக்க வேண்டிய காலம் குறைவு. கை பழகிய பிறகு லாம்பிட்டோவுக்கு வரலாம்.

ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் நிலைமை வேறு. சில்வர் ஓக் மரங்களின் கீழே தடித்துக் கிடக்கும் சருகும் நிழலும் ஆண்டின் பெரும்பகுதியில் மண்ணை ஈரமாக வைத்திருப்பதால், சமவெளியில் புழு கிடைக்காத மாதங்களிலும் அங்கே கிடைக்கும். தோட்டக்காரரின் அனுமதியோடு தோண்டும்போது ஒரு புழுவை மட்டும் தனியே கவனித்துப் பாருங்கள்: அதன் வால்பகுதியில் உள்ள நுண்முட்கள் நேர் வரிசையில் இல்லாமல் ஒன்றுவிட்டு ஒன்றாக மாறி மாறி அமைந்திருந்தால், அது தென்னமெரிக்காவிலிருந்து வந்து தென்னிந்திய மலைத்தோட்டங்களில் பரவலாகக் குடியேறிய பொன்டோஸ்கோலெக்ஸ் கோரெத்ரூரஸ். இதன் சிறப்பைப் பின்னர் பார்ப்போம்.

காலத்தைப் பொறுத்தவரை, சேலம் சமவெளியில் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலமே சிறந்தது. ஏப்ரல், மே மாதங்களில் தோண்டினால் பலருக்கு ஏமாற்றமே மிஞ்சும். மேல்மண் காய்ந்தவுடன் புழுக்கள் ஆழத்துக்குச் சென்று, சுருண்டு செயலற்றுக் கிடக்கின்றன. தோண்டும் முறையும் எளிது. பக்கத்துக்கு 25 சென்டிமீட்டர் வீதம் சதுரமாகக் குறித்து, 30 சென்டிமீட்டர் ஆழம் வரை மண்ணை அகலமான தட்டிலோ சாக்கிலோ எடுத்துப் போட்டு, கையாலேயே உதிர்த்துத் தேட வேண்டும். மண்வெட்டியைச் சாய்த்து வெட்டினால் பாதிப் புழுக்கள் துண்டாகிவிடும். செங்குத்தாக அழுத்தி நெம்பியெடுப்பதே முறை.

முதிர்ந்த புழுவை அறிதல்

எல்லாப் புழுவும் கூடு இடாது. முன்பகுதியில் தோல் தடித்து, நிறம் மாறி, வளையமாகத் தெரியும் கிளைடெல்லம் உள்ள புழுவே முதிர்ந்தது. லாம்பிட்டோவில் இது 14 முதல் 17 வரையிலான கண்டங்களில் அமைகிறது. புழுவை ஈரமான வெள்ளைத் தாளில் விட்டு, வாய் இருக்கும் முதல் கண்டத்திலிருந்து லென்ஸ் வழியாக எண்ணிப் பார்க்க வேண்டும். முழு உடலிலும் 165 முதல் 190 வரை கண்டங்கள் உண்டு. அவ்வளவையும் எண்ணத் தேவையில்லை, முதல் இருபது போதும். உலர்ந்த தாளில் சில நொடிகள் ஊரவிட்டுக் காதை அருகில் வைத்தால், கண்டங்களைச் சுற்றியுள்ள நுண்முட்கள் தாளைச் சுரண்டும் மெல்லிய சரசரப்பு கேட்கும். முட்கள் உள்ளன என்பதை லென்ஸ் இல்லாதவருக்கும் இது உணர்த்திவிடும். தோல் வழியாகவே மூச்சு விடும் உயிர் என்பதால், இதற்குமேல் உலர்ந்த இடத்தில் வைக்கக் கூடாது.

அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால், 14ஆம் கண்டத்தில் பெண் இனப்பெருக்கத் துளையும் 18ஆம் கண்டத்தில் ஆண் துளைகளும் இருக்கும். 6க்கும் 7க்கும், 7க்கும் 8க்கும், 8க்கும் 9க்கும் இடையிலுள்ள வரிப்பள்ளங்களில், மற்றப் புழுவிடமிருந்து பெறும் விந்தணுவைச் சேமிக்கும் விந்து கொள்பைகளின் மூன்று இணைத் துளைகள் திறக்கின்றன. இந்த மூன்று இடங்களும் உடலில் எந்த வரிசையில் உள்ளன என்பதை மனத்தில் நன்றாகப் பதித்துக்கொள்ள வேண்டும். கூடு எவ்வாறு உருவாகிறது என்பது இந்த வரிசையை வைத்தே விளங்கும். யூட்ரிலஸை வைத்திருப்பவர்கள் இந்த எண்கள் அப்படியே பொருந்தும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அதன் ஆண் துளைகள் 17ஆம் கண்டத்தில் உள்ளன, முட்களும் வளையமாகச் சூழாமல் கண்டத்துக்கு நான்கு இணையாக மட்டுமே இருக்கும்.

தொட்டி அமைத்தல்

வாய் அகன்ற மண்தொட்டியே போதும். அடியில் துளையும் அதன்மேல் ஓட்டுச்சில்லும் இருக்க வேண்டும். புழு எடுத்த இடத்துச் செம்மண் இரண்டு பங்கு, நன்கு மக்கிய மாட்டுச் சாணம் ஒரு பங்கு கலந்து நிரப்பி, மேலே சருகைப் பரப்பி, நனைத்த கோணிச் சாக்கால் மூட வேண்டும். கைப்பிடி மண்ணை அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும். விரலிடுக்கில் ஓரிரு துளிக்கு மேல் நீர் வடியக் கூடாது. குழாய்த் தண்ணீரில் குளோரின் கலந்திருப்பதால், அதை வாயகன்ற பாத்திரத்தில் ஓர் இரவு திறந்துவைத்த பிறகே தெளிப்பது நல்லது. எறும்புத் தொல்லை கட்டாயம் வரும். தொட்டியின் அடியில் தண்ணீர்த் தட்டு ஒன்றை வைத்து, அதில் செங்கல் போட்டு, செங்கலின் மேல் தொட்டியை நிறுத்தினால் அது தீரும்.

உணவு விஷயத்தில் சேலத்துக்காரர்கள் ஒன்றில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். சேகோ ஆலைகளிலிருந்து மலிவாகக் கிடைக்கிறதே என்று மரவள்ளித் திப்பியைப் பச்சையாகத் தொட்டியில் கொட்டக் கூடாது. அது புளித்துச் சூடேறும், புளிப்புத் தன்மையும் கூடும், புழுக்கள் தொட்டியை விட்டே ஏறி ஓடிவிடும். சாணத்தோடு சேர்த்துச் சில வாரங்கள் மக்கவிட்டுச் சூடு அடங்கிய பிறகு கொடுத்தால் விரும்பி உண்ணும். ஏற்காட்டில் கிடைக்கும் காப்பிப் பழத்தோலுக்கும் இதே விதிதான். மேக்னசைட் சுரங்கங்களைச் சுற்றியுள்ள வெளிறிய மண்ணைத் தொட்டிக்கு எடுக்க வேண்டாம்.

ஒரு தொட்டியில் கிளைடெல்லம் உள்ள பத்துப் புழுக்கள் போதும். தொட்டி நிழலில் இருக்க வேண்டும். வெயில் காலத்தில் ஓட்டு வீட்டுத் தாழ்வாரமே ஏற்றது. மொட்டைமாடி எக்காலத்திலும் ஆகாது.

இணைதலும் கூடு உருவாதலும்

மண்புழு இருபால் உயிரி. லாம்பிட்டோவில் 10, 11ஆம் கண்டங்களில் விந்தகங்களும், 13ஆம் கண்டத்தில் அண்டகங்களும் உள்ளன. ஆனாலும் விந்தணு முதலில் முதிர்ந்து, முட்டை பின்னர் முதிர்வதால், தன் முட்டையைத் தானே கருவுறச் செய்துகொள்வதில்லை; இன்னொரு புழு தேவை. இரவில், மேல்மண் ஈரமாக இருக்கும்போது, இரண்டு புழுக்கள் தலை எதிரெதிர்த் திசையில் இருக்குமாறு அடிப்பக்கங்களை ஒட்டிக்கொண்டு, ஒன்றன் ஆண் துளை மற்றதன் விந்து கொள்பைத் துளைக்கு நேராக வருமாறு அமைகின்றன. இரண்டும் விந்தணுக்களைக் கொடுத்துப் பெற்றுக்கொண்டு பிரிகின்றன. இதை நேரில் காண விரும்புவோர் கைப்பேசி விளக்கின்மேல் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றிக்கொண்டு, அடி அதிராமல் தொட்டியருகே செல்ல வேண்டும். வெள்ளை ஒளி பட்டதும் புழுக்கள் விலகி மண்ணுக்குள் இழுத்துக்கொள்ளும், சிவப்பு ஒளியை அவ்வளவாக உணர்வதில்லை. காணக் கிடைக்காவிட்டாலும் கவலையில்லை. கூடு கிடைத்தாலே இணைந்ததற்குச் சான்று ஆகிவிடும், ஒரு விலக்கைத் தவிர.

அந்த விலக்குத்தான் முன்னர் சொன்ன பொன்டோஸ்கோலெக்ஸ். இது இணையின்றியே வளரக்கூடிய முட்டைகளை இடவல்லது. இளம் பருவத்திலேயே ஒரே ஒரு குட்டியைத் தனித் தொட்டியில் போட்டு வளர்த்து, அது முதிர்ந்து இடும் கூடுகள் பொரிகின்றனவா என்று பார்ப்பது மிக நல்ல ஆய்வு. கல்லூரி மாணவர்களுக்கு இதை நான் பெரிதும் பரிந்துரைக்கிறேன். முதிர்ந்த புழுவை வைத்துச் செய்தால் பயனில்லை, ஏனெனில் முன்பே இணைந்து விந்தணுவைச் சேமித்துவைத்திருந்ததா என்பதை வெளியிலிருந்து அறிய முடியாது.

இணைந்து சில நாள்கள் கழித்தே கூடு உருவாகிறது. கிளைடெல்லத்தின் சுரப்பிகள் உடலைச் சுற்றி ஒரு பசையான உறையைச் சுரக்கின்றன. அது காற்றுப் பட்டுக் கெட்டிப்படும்போதே, உறைக்கும் உடலுக்கும் இடையே அல்புமின் என்னும் ஊட்டப் பாய்மம் நிறைகிறது. இப்போது புழு மெல்லப் பின்னோக்கி நகர்கிறது, இறுக்கமான பனியனைத் தலைவழியே கழற்றுவது போல. உறை 14ஆம் கண்டத்தைக் கடக்கும்போது முட்டைகளைப் பெற்றுக்கொள்கிறது. பின்னர் 9, 8, 7 என்று முன்னேறும்போது, சேமித்துவைக்கப்பட்டிருந்த மற்றப் புழுவின் விந்தணுக்கள் அதில் வந்து சேர்கின்றன. தலையைத் தாண்டிக் கழன்றதும் இரு முனைகளும் சுருங்கி மூடிக்கொள்கின்றன. ஆகவே லாம்பிட்டோவில் கருவுறுதல் தாய்ப்புழுவின் உடலுக்குள் நடப்பதில்லை. உடலைவிட்டுக் கழன்றுகொண்டிருக்கும் கூட்டுக்குள்தான் நடக்கிறது. தேர்வுத்தாளில் அடிக்கடி தவறாக எழுதப்படுவது இந்த இடமே.

கூட்டைத் தேடி எடுத்தல்

புழுக்களைத் தொட்டியில் விட்டுச் சுமார் இரண்டு வாரம் கழித்துத் தேடத் தொடங்கலாம். மண்ணைச் சிறிது சிறிதாக 2 மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் போட்டு, வாளித் தண்ணீரில் மென்மையாக அலசினால், மண் கரைந்து கீழிறங்கி, சிறு கல், வேர்த்துண்டு, சருகு ஆகியவற்றோடு கூடுகள் சல்லடையில் தங்கும். சில மில்லிமீட்டர் அளவே இருப்பதால் முதல்முறை தேடுபவர் அதைக் கல் என்றோ விதை என்றோ ஒதுக்கிவிடுவார். விரல் நுனியால் அழுத்திப் பார்க்க வேண்டும்: கல் அழுந்தாது, மண்ணுருண்டை உதிரும், கூடு மட்டும் சற்றே அழுந்தி மீளும். முனைகள் கூம்பியும், யூட்ரிலஸ் கூட்டில் முனைகளில் இழை பிரிந்தும் இருக்கும். புதிதாக இட்டது வெளிறிய நிறத்திலும், நாள்பட்டது பழுப்பு நிறத்திலும் காணப்படும். உள்ளே ஒன்றுமின்றி நசுங்கி, ஒரு முனை திறந்திருந்தால் அது பொரிந்து முடிந்த கூடு.

எடுத்த கூடுகளை மூடியுள்ள சிறு தட்டில், நனைத்த வடிதாளின்மேல் ஒன்றையொன்று தொடாமல் அடுக்கி, எடுத்த தேதியை மூடியில் எழுதிவைக்க வேண்டும். தாள் ஈரமாக இருக்க வேண்டுமே தவிர, கூடு நீரில் மிதக்கக் கூடாது. இரண்டு மூன்று நாளுக்கொரு முறை தாளை மாற்றினால் பூசணம் வராது. பூசணம் பிடித்த கூட்டை உடனே அகற்றிவிட வேண்டும். தட்டு இருளில் இருக்கட்டும்.

உள்ளே நடப்பதைப் பார்த்தல்

இருட்டறையில் கைப்பேசியின் விளக்கை மேல்நோக்கி வைத்து, அதன்மேல் ஒரு கண்ணாடித் தகட்டைப் போட்டு, ஒரு சொட்டு நீரில் கூட்டை வைத்து லென்ஸால் பார்க்க வேண்டும். விளக்கின் சூடு ஆபத்து என்பதால் ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். முதல் சில நாள்களில் பால்போன்ற கலங்கலைத் தவிர வேறொன்றும் தெரியாது. பலர் பொறுமை இழந்து கூட்டைக் கீறிப் பார்ப்பது இப்போதுதான். சற்றுப் பொறுத்தால் கலங்கலுக்குள் வெளிறிய வளைவு ஒன்று உருப்பெறும், அது இடம் மாறும். பின்னர் அந்த வளைவின் நெடுக ஒரு செந்நிறக் கோடு தோன்றும். மண்புழுவின் இரத்தத்தில் செந்நிறமி செல்களில் அடைபடாமல் பாய்மத்திலேயே கரைந்திருப்பதால், குழாய் முழுவதும் சீரான சிவப்பாகத் தெரிகிறது. கூர்ந்து பார்த்தால் அந்தச் சிவப்பு ஒரு முனையில் திரண்டு, மறு முனை நோக்கி அலையாக நகர்ந்து, மறுபடியும் திரள்வதைக் காணலாம். முதுகுப்புற இரத்தக்குழாய் சுருங்கி விரியும் இயக்கம் அதுவே. முழு வளர்ச்சியில் பார்க்க வேண்டியது ஒன்றுதான் என்றால், இதைத்தான் சொல்வேன்.

லென்ஸுக்கு எட்டாத அளவில் நடப்பதையும் அறிந்துவைத்திருந்தால் பார்ப்பது பொருள்படும். முட்டையில் கருவுணவு குறைவு. கரு சுற்றியுள்ள அல்புமினை விழுங்கியே வளர்கிறது. அதன் பின்முனையருகே பெரிய செல்கள் சில இருக்கின்றன: ஓரிணை கருவின் நடுப்படைக்கும் (நடு அடுக்கு), நான்கிணை புறப்படைக்கும் (வெளி அடுக்கு) உரியவை. இவை மீண்டும் மீண்டும் பிளந்து சிறு செல்களின் வரிசைகளை முன்னோக்கித் தள்ளுகின்றன. அந்த வரிசைகளே பின்னர் கண்டம் கண்டமாகப் பிரிகின்றன. எனவே தலைப்பக்கக் கண்டங்கள் மூத்தவை, வால்பக்கக் கண்டங்கள் இளையவை. இந்த உண்மைகளில் பல, மீன்களுக்கு உணவாகக் கடைகளில் விற்கப்படும் டியூபிஃபெக்ஸ் புழுவிலும் நன்னீர் அட்டைகளிலும் செய்த ஆய்வுகளால் தெரியவந்தவை. சேலத்து அலங்கார மீன் கடையில் சிறு தொகைக்கு வாங்கும் செந்நிறக் கொத்துக்குள் கருவியலின் ஒரு பெரும்பகுதியே அடங்கியிருக்கிறது.

கடலில் வாழும் நீரிஸ் போன்ற பலமுட்புழுக்களின் முட்டை, மயிரிழைப் பட்டை கொண்டு நீந்தும் ட்ரோக்கோஃபோர் என்னும் லார்வாவாகி, அதன் பிறகே கண்டங்கள் கொண்ட புழுவாக மாறும். மண்ணில் நீந்த இடமேது? மண்புழுவில் அந்த நிலை இல்லை. கூட்டைவிட்டு வருவது புழுவின் சிற்றுருவமே. கண்மாயிலும் குட்டையிலும் உள்ள கால்நடை அட்டையும் கிளைடெல்லத்திலிருந்து கூடு இடும் உயிர்தான். ஆனால் அதன் உடலில் 33 கண்டங்களே உண்டு, கிளைடெல்லமும் இனப்பெருக்கக் காலத்தில் மட்டுமே தெளிவாகத் தெரியும்.

பொரிதலும் அதன் பிறகும்

லாம்பிட்டோவின் கூடு 14 முதல் 18 நாள்களில் பொரிகிறது. குட்டி கிளைடெல்லம் இல்லாத முதல் வளர்நிலையை எட்டச் சுமார் 15 நாள், கிளைடெல்லம் தோன்ற மேலும் 15 முதல் 17 நாள், பின்னர் இணைந்து கூடு இடச் சுமார் 10 நாள் என, ஒரு சுற்று நிறைவுபெற ஏறத்தாழ 60 நாள் ஆகிறது. இவை வெப்பமான சூழலுக்கான கணக்கு. குளிரில் வளர்ச்சி மந்தப்படும் என்பதால், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டில் மார்கழியில் வைத்த தட்டு, அதே நாளில் சேலத்தில் வைத்த தட்டைவிடத் தாமதமாகவே பொரியும். ஒரே தொட்டியில் ஒரே நாளில் எடுத்த கூடுகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை மலையிலுள்ள நண்பரிடம் கொடுத்து, இருவரும் அன்றாட வெப்பநிலையோடு பொரிந்த தேதியையும் குறித்துவந்தால், வெப்பநிலை வளர்ச்சியை எவ்வாறு ஆள்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான பள்ளி ஆய்வு வேறில்லை.  மலையில் பொரிந்த குட்டிகளை அங்குள்ள தோட்டத்தில் விட்டுவிடக் கூடாது.

புதிதாக வந்த குட்டி நூல்போல் மெலிந்து, ஒளி ஊடுருவும்படி இருக்கும். அதைத் தூரிகை நுனியால் எடுத்து, சலித்த மண்ணும் மக்கிய சாணமும் கலந்த சிறு கிண்ணத்தில் விட வேண்டும். வடிதாளில் விட்டுவைத்தால் உணவின்றி இறந்துவிடும்.

புழுவை இரண்டாக வெட்டினால் இரண்டு புழு ஆகும் என்ற நம்பிக்கை ஊரெங்கும் உண்டு. மாணவர்கள் கட்டாயம் கேட்பார்கள். வாலை இழந்த முன்பகுதி பல இனங்களில் வாலை மீண்டும் வளர்த்துக்கொள்ளும். தலையை இழந்த பின்பகுதி பெரும்பாலும் மடிந்துபோகும். பெரியோனிக்ஸ் இந்த ஆற்றலில் மற்றவற்றைவிட மிகுந்தது என்றாலும், மண்புழு பெருகுவது கூட்டின் வழியாகத்தானேயன்றி வெட்டுப்படுவதால் அன்று.

ஆய்வு முடிந்ததும் லாம்பிட்டோவையும் பெரியோனிக்ஸையும் எடுத்த இடத்திலேயே, மாலை வேளையில், ஈரச் சருகுக்கு அடியில் விட்டுவிடலாம். யூட்ரிலஸை உரக்குழியில் மட்டுமே சேர்க்க வேண்டும். பொன்டோஸ்கோலெக்ஸை மலையிலிருந்து கீழே கொண்டுவந்து வளர்ப்பவர், தொட்டி மண்ணைத் தோட்டத்தில் கொட்டுவதற்கு முன் அதை வெயிலில் முழுவதும் உலர்த்திவிட வேண்டும். தனித்த ஒரு கூடு தப்பினாலும் அதிலிருந்து வரும் ஒற்றைப் புழுவே பெருகத் தொடங்கிவிடும்.